ரோமில் நான்கு நாள்: எதற்கு முன்பதிவு, எதற்கு வேண்டாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். மே 28 வியாழன் காலை ரோமில் இறங்குகிறீர்கள், ஜூன் 1 திங்கள் பிற்பகல் கிளம்புகிறீர்கள். நீங்கள் இருவர், 14 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயது அப்பா, முட்டிவலியோடு நடக்கும் அம்மா. விசாவுக்கு மார்ச் 10 அன்று அப்பாயிண்ட்மென்ட். எதற்கெல்லாம் இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வாடிகன் மியூசியத்துக்கு ஆளுக்கு 70 யூரோ என்று ஒரு இணையதளம் கேட்கிறதே, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "பெரியவர்களை இவ்வளவு தூரம் கூட்டிப்போய் வாசலோடு திரும்பிவிடக் கூடாது" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் கேள்வியாகத் தெரிகிறது. நான்கு நாளில் எவ்வளவை இப்போதே கட்டி வைப்பது, எவ்வளவைச் சும்மா விட்டுவைப்பது என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப்போகும் வேலையில் பதினான்கு வருடம் இருக்கிறேன். ரோமுக்கு மட்டும் நாற்பது தடவைக்கு மேல் போயிருப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு நேரம் குறித்த டிக்கெட் ஒன்றுதான் இருக்க வேண்டும். அதுவும் காலையில். மொத்தம் மூன்று இடம்: வெள்ளிக்கிழமை வாடிகன் மியூசியம், சனிக்கிழமை கொலோசியம், ஞாயிற்றுக்கிழமை போர்கேசே கலைக்கூடம். மற்றதெல்லாம் காலும் வெயிலும் எப்படி இருக்கிறதோ அப்படி.

எந்த இடம் எந்தக் கிழமை என்பதை உங்கள் விருப்பத்தை விட அந்த ஊரின் கதவுகள்தான் தீர்மானிக்கும். வாடிகன் மியூசியம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள். அன்று அனுமதி இலவசம், ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள், பன்னிரண்டரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் இருக்கும் மே 31 அந்தக் கடைசி ஞாயிறுதான். தயவுசெய்து அந்த இலவசத்தை நம்பிப் போகாதீர்கள். அன்று மதில் ஓரமாக வளைந்து போகும் வரிசையில் அம்மாவால் நிற்க முடியாது. போர்கேசே திங்கட்கிழமை மூடியிருக்கும். புதன்கிழமை காலைகளில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடப்பதால் புனித பேதுரு பேராலயத்துக்குள் மதியம் வரை போக முடியாது. உங்கள் பயணத்தில் புதன் வரவில்லை, அந்த மட்டில் நல்லது. ஆக வாடிகனுக்கு மிச்சமிருப்பவை வெள்ளியும் சனியும் திங்களும். திங்கள் கிளம்பும் நாள். சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்பது என் அனுபவம், எல்லாச் சனிக்கிழமைக்கும் அப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வெள்ளி காலை முதல் நேரம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

இறங்கும் வியாழக்கிழமைக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள். கனெக்டிங் ஃபிளைட் ஒன்று தாமதமானால் போதும், டிக்கெட் காலாவதி ஆகிவிடும், பணமும் திரும்ப வராது. அன்று மாலை ஆறு மணிக்கு மேல் நவோனா சதுக்கம், பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் வாசல், திரெவி நீரூற்று என்று மெதுவாக நடந்து வந்தால் அதுவே ஒரு நாளுக்குப் போதும்.

இனி வாடிகன் டிக்கெட். மியூசியத்தின் சொந்த இணையதளத்தில் அறுபது நாளுக்கு முன்னால் விற்பனை தொடங்கும். மே 29-க்கு அறுபது நாள் முன்னால் என்றால் மார்ச் 30. இத்தாலியில் மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து கோடை நேரம், நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே தேதி மாறும்போது உங்கள் கோயம்புத்தூரில் அதிகாலை மூன்றரை. அலாரம் வைத்து எழ வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் அன்று காலை காபி குடித்ததும் உட்கார்ந்துவிடுங்கள். நான் கடைசியாக எடுத்தபோது பெரியவர்களுக்கு 20 யூரோ, 7 முதல் 18 வயது வரை 8 யூரோ, இணையத்தில் எடுப்பதற்கு ஆளுக்கு 5 யூரோ கூடுதல். உங்கள் நால்வருக்கு 100, பிள்ளைகள் இருவருக்கு 26, ஆக 126 யூரோ. அந்த இணையதளம் உங்களிடம் கேட்பது 420.

அப்படியானால் அது மோசடியா? அதை நான் சொல்ல முடியாது. அந்த 70 யூரோவில் வழிகாட்டி ஒருவர் இரண்டு மூன்று மணி நேரம் கூட வந்து விளக்குகிறார் என்றால் அது ஒரு சேவை, அதற்கு அந்த விலை தகுமா என்பது உங்கள் முடிவு. வழிகாட்டி இல்லாமல் வெறும் நுழைவுச்சீட்டுக்கு மட்டும் அந்த விலை என்றால் கொடுக்காதீர்கள். 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டிக்கெட் வாங்கும் வரிசையைத்தான் அது மிச்சப்படுத்தும். பை சோதிக்கும் வரிசையில் எல்லோரும் நின்றுதான் போக வேண்டும், எந்த டிக்கெட்டுக்கும் அதில் விலக்கு கிடையாது. மியூசியத்திலேயே எடுத்த 25 யூரோ டிக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. எது சொந்தத் தளம் என்று கண்டுபிடிப்பது சுலபம்: வாடிகன் தனி நாடு, அதன் இணைய முகவரிகள் 'டாட் விஏ' என்று முடியும். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை அப்படி முடியாது.

தனி நாடு என்பதால் இன்னொரு விஷயமும் வருகிறது. ரோம் நகரத்துப் பாஸ் வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. 'ரோமா பாஸ்' வாடிகன் மியூசியத்தில் செல்லாது. கொலோசியத்துக்குக்கூட அந்தப் பாஸை வைத்துக்கொண்டு தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு 18 வயதுக்குள் அரசு இடங்களில் எப்படியும் இலவசம் என்பதால் உங்களுக்கு அந்தப் பாஸ் லாபம் தராது என்று நினைக்கிறேன்.

கொலோசியத்துக்கு முப்பது நாள் முன்னால்தான் விற்பனை. மே 30-க்கு ஏப்ரல் 30. சாதாரண டிக்கெட் 18 யூரோ, அதிலேயே பக்கத்தில் இருக்கும் பழைய நகர இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பலத்தீன் குன்றும் அடக்கம். பிள்ளைகளுக்குக் காசு கிடையாது, ஆனால் அவர்கள் பெயரிலும் பூஜ்ய விலை டிக்கெட் எடுத்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு வந்து, பெற்றோர் உள்ளேயும் பிள்ளைகள் வெளியேயும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த டிக்கெட்டுகள் சில வருடங்களுக்கு முன் சாதாரண மக்கள் கைக்கு எட்டாமலே இருந்தன. தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், வேறு விலையில் விற்றார்கள். அதனால்தான் 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பெயர் போட ஆரம்பித்தார்கள். 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் இந்த விவகாரத்தில் டிக்கெட் விற்ற அமைப்புக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருக்கும் இடம், அதனால் டிக்கெட் இப்போதும் சீக்கிரம் தீர்ந்துதான் போகிறது.

பெயர் போடுவதில் நம் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் இடத்தில் இருக்கும், சிலருக்குக் கணவர் பெயர், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட் படிவத்தில் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. மூன்று வருடத்துக்கு முன் என் குழுவில் ஒரு அம்மாவுக்குப் பதிவு செய்து கொடுத்த ஏஜென்சி, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு, பக்கத்தில் கணவரின் இனிஷியலைச் சேர்த்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இருந்ததோ வேறு பெயர். வாசலில் இருந்த காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார், விரலால் எழுத்து எழுத்தாகத் தடவினார், தலையை ஆட்டி அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். கடைசியில் உள்ளே விட்டார்கள், ஆனால் அதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ திருட்டுக் குற்றத்தில் மாட்டியவர் போல நின்றார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் நான் பெயர் அடிக்கிறேன். சர்நேம் காலியாக இருந்தால் பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' இடத்தில் இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுகிறேன், இதுவரை யாரும் தடுக்கவில்லை. இனிஷியல் மட்டும் போடாதீர்கள், விரித்து எழுதுங்கள். அன்று காலை அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அறையில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள்.

கொலோசியத்தில் நிலத்தடி அறைகளும் அரங்கத் தளமும் சேர்ந்த டிக்கெட் ஒன்று உண்டு, அது இன்னும் வேகமாகத் தீரும். அதற்காக நீங்கள் அல்லாட வேண்டாம். கி.பி. 80-ல் பேரரசர் டைட்டஸ் காலத்தில் திறந்த அந்த அரங்கத்தின் பிரமாண்டம் சாதாரண டிக்கெட்டிலேயே முழுதாகக் கிடைக்கிறது. படிகள் செங்குத்தானவை. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு லிஃப்ட் உண்டு, வாசலிலேயே கேளுங்கள். ஃபோரத்தில் இரண்டாயிரம் வருடத்துக் கல் பாவிய பாதை, மேடும் பள்ளமுமாக இருக்கும். அம்மாவுக்குக் கொலோசியம் போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள், அணிவகுப்பு கொலோசியத்தை ஒட்டிய பெரிய சாலையில்தான் நடக்கும். அதற்கு முன்பே இருக்கை மேடைகளும் தடுப்புகளும் வந்துவிடும். எந்தப் பக்கம் மூடியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் அங்கே இருங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் சேர்ந்த முதல் வருடம், காலை எட்டரைக்கு வாடிகன் மியூசியம், மதியம் ஒன்றரைக்குக் கொலோசியம் என்று ஒரே நாளில் பதிவு செய்தேன். காகிதத்தில் ஐந்து மணி நேர இடைவெளி தாராளமாகத் தெரிந்தது. குழுவில் கும்பகோணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கை வரையச் சொல்லிக்கொடுத்தவர். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் சேப்பல் கூரையைப் பார்ப்பதற்காகவே பணம் சேர்த்து வந்திருந்தார். மியூசியத்துக்குள் நுழைந்து, கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து அந்தச் சேப்பலுக்கு வருவதற்கே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. சுவரோரம் பெஞ்சு போட்டிருக்கும், அதில் அவருக்கு இடம் கிடைத்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஆதாமின் விரலும் கடவுளின் விரலும் தொடாமல் நிற்கும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தன் வலது கை ஆள்காட்டி விரலை மடியில் லேசாக அசைத்துக்கொண்டிருந்தார், கோடு இழுப்பது போல. பத்து நிமிடத்தில் நான் போய்த் தோளைத் தொட்டேன். "இப்பவே கிளம்பணுமா தம்பி?" என்றார். கிளம்பணும் ஐயா, கொலோசியத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். எழுந்து வந்துவிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று கொலோசியத்தில் அவர் நிழல் தேடி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார், எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் அப்பாவோ பிள்ளைகளோ அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் போய் எழுப்ப வேண்டிய தேவை வரக் கூடாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, காவலர்கள் அதட்டிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் உட்கார்ந்து பார்ப்பதற்குத் தடையில்லை. மியூசியத்தின் நடை நீளமானது, திரும்பி வருவதும் சிரமம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஒரு அடையாள அட்டையைக் கொடுத்து வாங்க வேண்டும், முன்கூட்டியே மின்னஞ்சலில் சொல்லி வைக்கலாம். இங்கே நாற்காலியில் உட்காரக் கூச்சப்படும் பல அம்மாக்களை நான் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து அவர்களே நன்றி சொல்வார்கள். தோளும் முட்டியும் மூடிய உடை எல்லோருக்கும் கட்டாயம், 14 வயதுப் பிள்ளையின் அரைக்கால் சட்டைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேதுரு பேராலயத்துக்குக் கட்டணம் கிடையாது, சோதனை வரிசை மட்டும்தான். மியூசியத்திலிருந்து மதில் சுற்றி நடந்துதான் அங்கே போக வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேப்பலிலிருந்து குறுக்குவழி ஒன்று இருப்பதாக எழுதியிருப்பார்கள். குழுக்களுக்கு விடும் வழி அது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எனக்கு விருப்பமான நேரம் காலை ஏழு மணி, கதவு திறக்கும்போதே போவது. உங்களுக்குத் திங்கட்கிழமை காலை அப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது. கூரை மாடத்துக்கு மொத்தம் 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம் இருக்கும், அதுவும் குறுகிக்கொண்டே போகும் வளைந்த சுவருக்குள். பிள்ளைகளும் நீங்களும் ஏறலாம், பெரியவர்கள் கீழே மைக்கேலாஞ்சலோவின் பியத்தா சிலைக்கு எதிரே இருக்கட்டும். ஒன்று மட்டும்: அது வழிபாட்டுத் தலம். திருச்சபைக்கு ஒரு விழா என்றால் மூடிவிடுவார்கள். 2022 மே 15 அன்று நம் குமரி மண்ணின் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது சதுக்கத்தில் விழாத் திருப்பலி நடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வாடிகனின் நிகழ்ச்சி நாட்காட்டியை ஒரு தடவை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் போர்கேசே என்று சொன்னதும் ஏன் இது என்று கேட்கலாம், உங்கள் பட்டியலில் அது இல்லை. முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாத இடம் அது, ஒரு நேரத்துக்கு இத்தனை பேர், சரியாக இரண்டு மணி நேரம், அப்புறம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனாலேயே உள்ளே மூச்சுவிட இடம் இருக்கிறது, நடை குறைவு, சுற்றிலும் பெரிய பூங்கா. பெர்னினி 1620-களில் செதுக்கிய 'அப்பல்லோவும் டாஃப்னேயும்' சிலையை உங்கள் 9 வயதுப் பிள்ளையோடு சுற்றி வாருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் துரத்தி ஓடும் அப்பல்லோ மட்டும் தெரியும். பக்கவாட்டில் வர வர, அவனிடமிருந்து தப்ப மரமாகும் டாஃப்னேயின் விரல் நுனிகள் இலையாக மாறுவதும், கால் கட்டைவிரலிலிருந்து வேர் இறங்குவதும் தெரியும். சலவைக் கல்லில் அந்த இலைகள் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை. நான் கூட்டிப்போன பிள்ளைகளில் பலர் மொத்த ரோமிலும் இதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எந்த வயதுக்கும் பிடிக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்தான். டிக்கெட் இப்போதே காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டினால் எடுத்துவிடுங்கள்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து கட்டணம் உண்டு, தொடங்கியபோது 5 யூரோ, டிக்கெட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதுவும் இப்போது தேவாலயம் என்பதால் சனி மாலையும் ஞாயிறு காலையும் பூசை நேரத்தில் சுற்றுலாவினரை விடமாட்டார்கள். வெள்ளி மாலை தெம்பு இருந்தால் போய் வாருங்கள்.

விசாவைப் பற்றித்தான் எனக்கும் உறுதியாகச் சொல்லத் தயக்கம். விதிப்படி பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள், சில சமயம் 45 நாள் வரை நீளலாம். மார்ச் 10-க்குப் பிறகு எண்ணினால் வாடிகன் விற்பனை தொடங்கும் 30-ஆம் தேதிக்குள் பாஸ்போர்ட் வந்துவிட வாய்ப்பு அதிகம். வராவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் வராவிட்டால், 126 யூரோ போனால் தாங்க முடியும் என்றால் எடுத்துவிடுங்கள் என்றுதான் என் தம்பிக்குச் சொல்வேன். மே மாதக் கடைசி வெள்ளியின் காலை நேரங்கள் அதிக நாள் தங்காது. பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் இருக்கும்போது பெயர் அடிக்க வேண்டி வரும், அதனால் அப்பாயிண்ட்மென்ட்டுக்குப் போவதற்கு முன் ஆறு பேரின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொலோசியத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் போனால், அதே தளத்தில் வழிகாட்டியோடு கூடிய டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வேறு நேரத்தைப் பாருங்கள், மாலை நேரமாக இருந்தாலும் சரி. ஆனால் திங்கட்கிழமைக்கு மாற்றாதீர்கள். பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள், பெரிய முதுகுப்பைக்கும் அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் ஆளுக்கு ஒன்று காலியாக எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நம்பிக் குடிக்கலாம். குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனிய முடியாத அம்மாவுக்கு அது வசதியாக இருக்கும்.